கபடி வீரர் குருசாமி

மாஜிதா அனுப்பிய படம் வந்தபோது நான் ஒரு துண்டுப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு அது மூழ்குவதற்காகக் காத்திருந்தேன். ராஜபாளையத்தில் மருத்துவப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்கிற ஒரு கம்பெனியின் லேபில் எனக்கு அதுதான் வேலை. நல்ல பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் மேலேயே மிதக்கும். அன்றைக்கு மிதந்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

படத்தில் ஒரு ஃபிளக்ஸ். பின்னால் தீ எரிந்தது. தீக்குள்ளிருந்து ஒரு புலி பாய்ந்தது. புலிக்குப் பக்கத்தில், தோளில் துண்டும் நெற்றியில் சந்தனமுமாக, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்கள் அப்பா நின்றார். 'அகில இந்திய அளவில் அசத்திய எங்கள் ஊர் கபடி வீரர் குருசாமி அவர்களை வாழ்த்துகிறோம்.' கீழே ஓரத்தில் மொக்கைச்சாமி மாமா கைகூப்பியிருந்தார். அவர் எங்கள் வார்டு மெம்பர், அம்மாவின் தம்பி. அப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தார்.

மாஜிதா என் தோழி, ஃபிளக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள்; படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். "ஏட்டி முத்து, இது உங்கப்பாவா? வன்னியம்பட்டி, குருசாமின்னு இருந்துச்சு. அச்சடிச்சு அனுப்புன பொறவுதான் மண்டையில ஒறச்சுது. அவுக எப்ப கபடி ஆடுனாக?"

அப்பா கபடி ஆடியதில்லை. ஆடியது என் அக்கா சத்யப்பிரியா. பெண்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய கபடி லீக்கில் வடக்கத்தி அணி ஒன்று அவளை எடுத்திருந்தது. ஒப்பந்தத்துக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். இனிஷியலை விரித்தால் அப்பா. அப்படித்தான் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் குருசாமி போய் உட்கார்ந்தார். அந்த அணியில் எல்லோருக்கும் கடைசிப் பெயரைத்தான் பனியனின் முதுகில் அச்சிட்டார்கள். மற்ற பெண்களுக்கு அது குடும்பப் பெயர். அக்காவுக்கு மட்டும் அப்பா. முதல் ஆட்டத்திலேயே இந்தியில் வர்ணனை சொன்னவர் 'குருஸ்வாமி, குருஸ்வாமி' என்று கூவ ஆரம்பித்துவிட்டார். அக்கா போனில் சிரித்தாள். "ஒவ்வொரு தடவ ரெய்டு பாடிப் போறப்பவும் அப்பாவ உப்புமூட்டை தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்குட்டி."

பிறகு இங்கே வரும் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. 'தமிழக வீரர் குருசாமி அபாரம்.' எழுதியவர் பெயரைப் பார்த்திருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை. நான் அதைக் கத்தரித்து வைக்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

எனக்கு அப்போது வேறு கவலை இருந்தது. அப்பா அவளை அனுப்பியதே ஒரு நிபந்தனையோடுதான். "ஒரு வருசம் போயிட்டு வா. பொறவு அந்தப் பேச்சே கெடையாது." இப்போது லீக் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வருகிறாள். அதே அணி அடுத்த வருசத்துக்கும் அவளைக் கேட்கிறது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். தினமும் போனில் முதல் கேள்வி, "அப்பா என்ன சொல்லுதாக?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்பதே என் பதில். ஆட்டம் நடக்கும் நாட்களில் அம்மா போனை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைக் கழுவுவார். ராஜபாளையம் மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் சின்ன லாரி அது. முகப்பில் எழுதியிருப்பது எங்கள் தம்பி விஜயபாண்டியின் பெயர். ஆட்டம் முடியும்வரை கழுவுவார். அந்த ஒரு சீசனில் அந்த வண்டி பளபளவென்று ஆகிவிட்டது.

இப்போது இந்த ஃபிளக்ஸ். ஊர் சிரிக்கும். சிரிப்பு அப்பாவின் காதில் விழும். அவர் அதை யார் தலையில் இறக்கி வைப்பார் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்தபோது வன்னியம்பட்டி விலக்கில், எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில், அய்யூப் பாய் டீக்கடையை ஒட்டி அது நின்றிருந்தது. மரச்சட்டத்தில் அடித்து, கயிறு போட்டு மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "இந்த வயசுலயுமா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். எதுவும் நடக்காதபோதே நான் அப்படித்தான் நடப்பேன். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

வீட்டில் அம்மா சிரித்துச் சிரித்து நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிக்காதட்டி, அவிய வண்டி சத்தம் கேக்கு" என்றாள். நான் சிரிக்கவே இல்லை.

அப்பா வந்தார். கைகால் கழுவினார். சாப்பிட்டார். ரசம் ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க ஓந்தம்பி?"

மாமா தானாகவே வந்தார். பாராட்டு வாங்க வருகிறவரின் நடை. வாசலிலேயே ஆரம்பித்தார். "எப்படி மச்சான் நம்ம ஃபிளக்ஸு? போற வார பஸ்ஸெல்லாம் நின்னு பாக்குது."

"பஸ் ஸ்டாப்புல பஸ்ஸு நிக்காம என்ன செய்யும்" என்றார் அப்பா. "நான் எங்கலே கபடி ஆடுனேன்?"

"ஆடுனது புள்ளதான். யாரு இல்லேன்னா. வயசுப் புள்ள போட்டோவ நாலு பேரு பாக்குற ரோட்டுல வைக்க முடியுமா? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் எவனாவது பாத்துட்டு ஒரு பேச்சு பேசுனா? அதான் ஒங்க போட்டோவ அனுப்புனேன். சட்டையில ஒங்க பேருதான இருக்கு."

"மகள்னு ஒரு வார்த்த போட்ருக்கலாம்ல."

"போடச் சொன்னேன் மச்சான். பேப்பர்ல வந்தத வெட்டி அதையும் சேத்து அனுப்புனேன். ஃபிளக்ஸ் கடைப் புள்ள அதைப் பாத்து அப்படியே அடிச்சிருச்சு."

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து பேசினாள். வெளியே வரவில்லை. "ஏலே மொக்கை. அவ சடங்குக்கு இதே எடத்துல எம்புட்டுப் பெருசா போட்டோ வச்ச. தாய்மாமன்னு ஒம்மூஞ்சியும் வச்ச. அப்ப எந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் கண்ணுக்கும் தெரியலயா?"

மாமா குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே, "காப்பி இருந்தா குடு, இல்லேன்னா நான் வாரேன்" என்றார். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா பனியனை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போனபோது அப்பாவின் லாரி வீட்டு வாசலில் இல்லை. விலக்கில், ஃபிளக்ஸுக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் புலியின் காதும் அப்பாவின் தலைமுடியும் மட்டும் தெரிந்தன.

அன்று வேலை முடிந்ததும் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாஜிதாவைப் பார்த்தேன். கல்லூரியில் மூன்று வருசம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, அவளுடைய மாமா அப்துல் ரவூப்பின் ஃபிளக்ஸ் கடையில் டிசைன் செய்கிறாள். கடைக்குள் மிஷின் ஓடும் அறையைத் தாண்டி, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர். ஊரில் தொங்கும் முகங்களில் பாதி அவள் கையைத் தாண்டிப் போனவை. அவளை ஊரில் யாருக்கும் தெரியாது.

"மன்னிச்சிரு முத்து. வேற அடிச்சுத் தாரேன். அக்கா போட்டோ குடு" என்றாள்.

நான் வைத்திருந்ததையெல்லாம் காட்டினேன். எல்லாம் ஆட்டம் ஓடும்போது போன் திரையிலிருந்து எடுத்தவை. ஒன்றில் அக்கா கோட்டை நோக்கிப் பாய்கிறாள், முதுகு தெரிகிறது. இன்னொன்றில் அவள் மேல் நான்கு பேர் விழுந்திருக்கிறார்கள், ஒரு கை மட்டும் தெரிகிறது. மாஜிதா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"மூஞ்சி தெரியுத மாதிரி ஒண்ணுகூட இல்லையாட்டி?"

"ஆடும்போது அங்கிட்டுப் பாத்துதான் ஓடுவா."

அவள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பெயரை அடித்துத் தேடினாள். ரவூப் மாமா எந்த டிசைனையும் அழிக்கவிட்டதில்லை. சத்யப்பிரியா என்று ஒரே ஒரு பழைய ஃபைல் வந்தது. பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக அக்கா. அழுதுகொண்டே எடுத்த படம் அது. அன்று பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வட்டவட்டமாக மாமன்மார்கள்.

"ஆம்பள கபடின்னா புலி, தீ, எல்லாம் ரெடியா கெடக்கு" என்றாள் மாஜிதா. "பொம்பளைன்னு தேடுனா இந்த மிஷின்ல சடங்கும் வளைகாப்பும்தான் வருது. அதுக்கு மேல போனா கண்ணீர் அஞ்சலி." பிறகு திரையைப் பார்த்தபடியே, "உங்கப்பா வைக்கச் சொல்லுவாகளா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வாரம் முழுக்க அப்பாவைக் கவனித்தேன். லாரியை எந்நேரமும் அங்கேயே நிறுத்தி வைக்க முடியாது. மார்க்கெட்டுக்குப் போகும் நேரத்தில் புலி வெளியே வந்துவிடும். தேங்காய் ஏற்றும் தோப்பில், "வாங்க ரெய்டரே" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் ஒரு பையன் அவரோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டானாம். வியாழக்கிழமை மடவார் வளாகத்துப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க கபடி வீரர் குருசாமி சார் வர முடியுமா என்று கேட்டார்கள். அப்பா நின்றுகொண்டே பேசினார்.

"அது நான் இல்ல சார். எம்மக." கொஞ்சம் கேட்டுக்கொண்டார். "இல்ல சார், பேரு என்னுதுதான். ஆளு எம்மக." மறுபடியும் கேட்டார். "சத்யப்பிரியா. ஆமா. ஞாயித்துக்கெழம வாரா. கேட்டுச் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து கபடியும் அக்கா பெயரும் ஒரே மூச்சில் வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை பஸ் தாமதமானது. நான் டீக்கடையின் பின்புறம், ஃபிளக்ஸின் நிழலில் நின்றிருந்தேன். லாரி தோப்பில் லோடு ஏறிக்கொண்டிருந்தது, அப்பா டீக்கடைக்குள் இருப்பது தெரியும். அவருக்கு நான் அங்கே நிற்பது தெரியாது. கையில் பையோடு பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒரு வெளியூர்க்காரர், மருந்து கம்பெனிக்காரர் போல இருந்தார், ஃபிளக்ஸையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணன்தானா அது?" என்று கேட்டார்.

"இவரு குருசாமி சீனியர்" என்றார் அய்யூப் பாய். "ஜூனியர் நாளைக்கு ரயில்ல வருது."

"நீரு சும்மா இரும் பாய்" என்றார் அப்பா. பிறகு அந்த ஆளிடம் திரும்பினார். "எம்மக, தம்பி. மூத்தவ. இவனுக பேரத் தப்பா அடிச்சுட்டானுக."

"பொண்ணா? பொண்ணுங்களுக்கும் லீக் இருக்காண்ணே?"

அப்பா டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் ஏழு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ஒரு கிளாஸை மட்டும் தனியே எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தார்.

"இது அவ. இதுதான் போனஸ் கோடு. எதிர்ல ஆறு பேராவது நிக்கணும், அப்பத்தான் போனஸு. அவ என்ன செய்வா, கால இங்க வைக்குத மாதிரி வைப்பா. இவன்... இந்தப் புள்ள முன்னால வரும். வந்துச்சா, அவ்வளவுதான். கையத் தொட்டுட்டுத் திரும்பிருவா. அன்னைக்கு இப்படியே நாலு பேர எடுத்தா."

தனிக் கிளாஸ் பெஞ்சின் மேல் வழுக்கிப் போய் மற்றதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கொஞ்சம் டீ சிந்தியது. அய்யூப் பாய் துணியோடு வந்து, "ரெய்டு முடிஞ்சிருச்சா, தொடைக்கலாமா?" என்று கேட்டார்.

நாலு பேரை எடுத்த ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது. அன்று அப்பா வண்டியின் இந்தப் பக்கத்துக் கதவை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினார். அந்தக் கதவிலிருந்து பார்த்தால் அடுப்படி ஜன்னல் தெரியும்.

பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினேன். லேபில் முதல் பஞ்சை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது இறங்கியபோது என் தோள்களும் இறங்கின. ஒரு வாரமாக அவற்றைத் தூக்கியபடியே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் நிச்சயமில்லை. மகள் ஆடியதைச் சொல்வது வேறு, இன்னும் ஆடு என்று அனுப்புவது வேறு.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிவர நானும் அப்பாவும் லாரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போனோம். அக்கா பெரிய பையோடு இறங்கினாள். கறுத்திருந்தாள். முட்டியிலும் முழங்கையிலும் காய்ப்பு. தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். அப்பா முடியைப் பார்த்தார். பையை வாங்கிப் பின்னால் வைத்தார். மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா நடுவில். அவளுடைய தோள் என் தோளைச் சன்னலோடு அழுத்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினோம். அக்கா என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை வேர்த்திருந்தது. எதிரில் ஏழு பேர் நின்றாலும் வேர்க்காத கை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா. அடுத்த வருசமும் வாரியான்னு கேக்காக."

அப்பா கியரை மாற்றினார். முன்னால் போன மாட்டுவண்டியைத் தாண்டும்வரை காத்திருந்தார்.

"அதே டீமா?"

"அதே டீம்தான்ப்பா."

"அந்த எடது கார்னர்ல நிக்குற புள்ள சரியில்ல. நீ ரெய்டு போயிட்டு வாரதுக்குள்ள அது தூங்கிருது. வேற ஆளப் போடச் சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாவிட்டால் சத்தமாகச் சிரித்திருப்பேன், அல்லது அழுதிருப்பேன். வெளியே தென்னைகள் ஓடின. அவற்றுக்குப் பின்னால் செண்பகத்தோப்பு மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணப் பேச்ச விட்டுட்டேன்னு நெனைக்காத" என்றார் அப்பா. "அது ஒரு பக்கம் நடக்கும்."

"சரிப்பா."

"எம்பேர எடுத்துரச் சொல்லு. கண்டவனுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்குத் தொண்டத்தண்ணி வத்துது."

"சொல்லிட்டேன்ப்பா. சத்யான்னு போடுதோம்னாக."

"பாதிப் பேரு எதுக்கு? முழுசா போடச் சொல்லு."

"இங்கிலீஷ்ல எழுதுனா நீளமாம். முதுகு பத்தாதாம்."

அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "எழுத்தச் சிறுசாக்கச் சொல்லு" என்றார்.

விலக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார். அக்கா ஃபிளக்ஸை நேரில் பார்த்தது அப்போதுதான். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு வண்டியின் மேல் ஏறிக் கயிறுகளை அறுத்தார். டீக்கடையிலிருந்து மாமா ஓடிவந்தார்.

"மச்சான், இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டுமே. நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அப்பா மேலேயிருந்து. "கீழ புடிலே."

மாமா கீழே பிடித்தார். வெறும் மரச்சட்டம் மின்கம்பத்தில் சாய்ந்து நின்றது. அதன் வழியாக டீக்கடையின் பாய்லரும் அய்யூப் பாயும் தெரிந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மழை வரும்போல் இருந்தது. அப்பா தேங்காய் ஏற்றி முடித்ததும் தார்ப்பாயைத் தேடினார். கிழிந்துபோயிருந்தது. ஃபிளக்ஸை எடுத்து வந்து, மடித்து, லோடின் மேல் போட்டுக் கட்டினார். நான் வேலைக்கும் அக்கா ராஜபாளையத்தில் பயிற்சிக்குமாக அதே வண்டியில் ஏறிக்கொண்டோம். மாஜிதாவுக்கு அனுப்ப முகம் தெரிகிற படம் ஒன்று வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கண்ணாடிய நல்லா எறக்கு, வெளிச்சம் வரட்டும்" என்றார்.

இறக்கினேன். மழைக்காற்று உள்ளே வந்தது. அக்கா முடியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், நேராக. எடுத்தேன்.

பின்னால் ஃபிளக்ஸ் காற்றில் படபடவென்று அடித்தது. பைக்கில் போன ஒருவர் எங்களை ஒட்டியே வந்து அதைப் படிக்கப் பார்த்துவிட்டுப் பின்தங்கினார்.

"என்ன தெரியுது?" என்றார் அப்பா.

அக்கா எட்டிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பாவின் முகமும் மாமாவின் முகமும் மடிப்புக்குள் போயிருந்தன. புலியின் வால் மட்டும் ஓரத்தில் தொங்கியது. முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"பேரு உள்ள போயிருச்சுப்பா" என்றாள். "வீரர்ங்கிறது மட்டும் ஆடிக்கிட்டு இருக்கு."